டைட்டானியம் தூள்: ஹைட்ரஜனை எப்போது வெளியே அனுப்புவது?

கறுப்புச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. கட்டைவிரலால் அழுத்தினால் ஓரம் உதிர்கிறது. முந்தின நாள் மாலை இதே கட்டி வெள்ளிச் சாம்பல் நிற டைட்டானியம் ஸ்பாஞ்சாக (தாதுவிலிருந்து பிரித்தெடுத்த, துளைகள் நிறைந்த கச்சா உலோகம்) இருந்தது. சுத்தியலால் அடித்தபோது நசுங்கியதே தவிர உடையவில்லை. ராத்திரி முழுக்க ஹைட்ரஜன் நிரம்பிய குழாய் உலையில் கிடந்துவிட்டு, காலையில் ரஸ்க் போல நொறுங்கியது. இந்தத் துறைக்குள் வந்த முதல் வாரத்தில் நான் பார்த்த காட்சி இது. இன்றைக்கும் உலையைத் திறக்கும்போது எனக்கு அந்த ஆச்சரியம் குறையவில்லை.

டைட்டானியம் வேலை செய்பவர்கள் ஹைட்ரஜன் என்றாலே முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. விமானப் பாகங்களிலும் இடுப்பு மூட்டு மாற்றுகளிலும் அதிகம் புழங்கும் 'சிக்ஸ்-ஃபோர்' கலவையில் (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம்) ஹைட்ரஜன் 0.015 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான தர விதி. தாண்டினால் உலோகத்துக்குள் ஊசி ஊசியாக ஹைட்ரைடு (டைட்டானியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்) படியும். பாகம் எந்த அறிகுறியும் காட்டாமல் விரிசல் விடும். ஆனால் அதே ஹைட்ரஜனை வேண்டுமென்றே 4 சதவீதம் வரை ஏற்றினால், அரைவைக்கு மசியாத இந்த உலோகம் மாவாக அரைபடுகிறது. ஏற்றிய ஹைட்ரஜனை வெற்றிடத்தில் சூடாக்கி முழுதாக வெளியே எடுத்துவிடவும் முடியும். இப்படி வந்த வழியே திரும்பிப் போகும் அசுத்தம் டைட்டானியத்தில் இது ஒன்றுதான். ஆக்சிஜனோ நைட்ரஜனோ உள்ளே புகுந்தால் சூடாக்கி வெளியே எடுக்க முடியாது.

ஆக, தூள் வழியில் டைட்டானியம் பாகம் செய்ய நினைப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஹைட்ரஜனை ஏற்றி, அரைத்து, வெளியேற்றிய பின் கிடைக்கும் உலோகத் தூள் ஒன்று. ஹைட்ரைடு தூளை அப்படியே அச்சில் அழுத்தி, உலையில் சுடும்போதே ஹைட்ரஜனை வெளியேற்றுவது இன்னொன்று. ஹைட்ரஜன் பக்கமே போகாமல், உலோகத்தை உருக்கித் தெளித்து உருண்டைத் தூளாக்குவது மூன்றாவது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அச்சில் அழுத்திச் சுடப்போகும் பாகம் என்றால் இரண்டாவது வழியை முதலில் முயன்று பாருங்கள். பலர் பழக்கத்தால் முதல் வழிக்குப் போகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண வெப்பநிலையில் டைட்டானிய அணுக்கள் அறுகோண அடுக்கில் இருக்கும். இதை ஆல்ஃபா என்பார்கள். 882 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால் அவை கனசதுர அடுக்குக்கு மாறும், அது பீட்டா. ஹைட்ரஜன் பீட்டாவின் பக்கம் நிற்கும் தனிமம். அது கரையக் கரைய, பீட்டா நிலைத்திருக்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்து கிட்டத்தட்ட 300 டிகிரி வரைக்கும் வந்துவிடுகிறது. பீட்டாவுக்குள் ஹைட்ரஜன் அணு மிக வேகமாக நகரும். அதனால்தான் 400 முதல் 700 டிகிரிக்குள் ஸ்பாஞ்ச் ஹைட்ரஜனை மடமடவென்று இழுக்கிறது.

உலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முதலில் ஒன்றும் நடக்காது. ஸ்பாஞ்ச் நாள்பட்டுக் காற்றில் கிடந்திருந்தால், மேலே இருக்கும் ஆக்சைடு தோல் வழி விடாமல் முரண்டு பிடிக்கும். அந்தத் தோலுக்குள் ஒரு வழி கிடைத்ததும் அழுத்தமானியின் முள் சரசரவென்று இறங்கும். அதே நேரத்தில் நாம் சூட்டை ஏற்றாமலே வெப்பமானி ஏறும், ஏனென்றால் ஹைட்ரைடு உருவாகும்போது வெப்பம் வெளிவருகிறது. ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடாவிட்டால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகிவிடும்.

டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம். ஹைட்ரைடின் அடர்த்தி சுமார் 3.75. அதாவது ஒவ்வொரு துகளும் கன அளவில் 20 சதவீதத்துக்கு மேல் வீங்குகிறது. ஹைட்ரைடோ வளையத் தெரியாத பொருள். வெளிப்பக்கம் வீங்கி உள்பக்கம் வீங்காமல் நிற்கும்போது விரிசல் விழுந்துதான் ஆக வேண்டும். காலையில் கட்டி உதிர்ந்ததன் ரகசியம் அதுதான்.

பழகிய வழி: ஏற்றி, அரைத்து, இறக்கி

முதல் வழியின் பெரிய பலம், அது எதையும் சாப்பிடும் என்பது. ஸ்பாஞ்ச், கம்பித் துண்டு, கடைசல் பட்டறையில் விழும் சீவல் எல்லாவற்றையும் ஹைட்ரைடாக்கி அரைக்கலாம். டைட்டானியம் பாகங்களைக் குடைந்து செய்யும்போது வாங்கிய உலோகத்தில் பெரும்பகுதி சீவலாகப் போவது விமானத் தொழிலில் சாதாரணம். அந்தச் சீவலைத் தூளாக்க முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் சீவலோடு வெட்டு எண்ணெயும் வரும், வெட்டுக் கருவியின் உடைந்த கார்பைடு முனைத் துணுக்கும் வரும். எண்ணெயைக் கழுவிவிடலாம். டங்ஸ்டன் கார்பைடு துணுக்கு ஒன்று தப்பித் தூளுக்குள் போனால், சுழலும் எஞ்சின் பாகத்தில் அதுவே விரிசலின் தொடக்கப் புள்ளி. அதனால் சீவலில் இருந்து வந்த தூளை அப்படிப்பட்ட பாகங்களின் பக்கம் நான் கொண்டுபோக மாட்டேன்.

அரைத்துச் சலித்த ஹைட்ரைடை 600 முதல் 750 டிகிரியில் வெற்றிடத்தில் வைத்தால் ஹைட்ரஜன் வெளியேறும். இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். அந்தச் சூட்டில், புதிதாக வெளிப்பட்ட உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கேக் மாதிரி ஆகிவிடும். மறுபடி உடைக்க வேண்டும், மறுபடி சலிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புது மேற்பரப்பு திறந்து ஆக்சிஜனைக் குடிக்கிறது. சிக்ஸ்-ஃபோரின் வழக்கமான தரத்தில் ஆக்சிஜனுக்கு உச்சவரம்பு 0.20 சதவீதம், உடலுக்குள் வைக்கும் உயர்தர வகைக்கு 0.13. சுட்ட பாகத்தில் 0.3 சதவீதத்தைத் தாண்டினால் நீட்சி சடாரென்று சரிந்துவிடும். பாகம் வலுவாகத்தான் இருக்கும், ஆனால் இழுத்தால் வளையாமல் முறியும். நல்ல ஸ்பாஞ்சில் தொடங்கி, கவனமாக அரைத்தவர்களுக்குக்கூட இந்த ஆக்சிஜன் கணக்கு எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்.

துகள்கள் உடைந்த கண்ணாடிச் சில்லு போலக் கோணல்மாணலாக இருக்கும். அச்சுக்குள் அழுத்தும்போது அது நல்லது: சில்லுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தூய டைட்டானியத் தூள் என்றால் உலோகம் மென்மை, அழுத்திய வில்லையைக் கையில் எடுத்துத் தட்டில் வைக்கலாம், ஓரம் உடையாது. ஏற்கெனவே கலவையாக இருக்கும் சிக்ஸ்-ஃபோர் தூள் அவ்வளவு சுலபத்தில் அழுந்தாது. மூட்டு மாற்றுகளின் மேல் எலும்பு பிடித்து வளரச் சொரசொரப்பான டைட்டானியப் பூச்சு தெளிக்கிறார்களே, அதற்கும் இந்தக் கோணல் தூள் நன்றாகவே பொருந்துகிறது. அந்த வேலைக்கு உருண்டைத் தூள் வாங்குவது காசைக் கரியாக்குவது.

இறக்காமலே அழுத்தினால்?

ஹைட்ரஜன் எப்படியும் வெற்றிடச் சூட்டில் வெளியேறும். பாகத்தைச் சுடுவதும் வெற்றிடச் சூட்டில்தான். இரண்டையும் ஏன் ஒரே உலையில், ஒரே ஓட்டத்தில் செய்யக் கூடாது? கீவ் நகரில் உள்ள குர்தியுமோவ் உலோக இயற்பியல் நிறுவனத்தில் இவாசிஷின், சவ்வாகின் ஆகியோரின் குழு இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து வழியமைத்தது. அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள ஆட்மா புராடக்ட்ஸ் அதைத் தொழிலாக எடுத்துச் சென்றது.

செய்முறை எளிது. 90 பங்கு டைட்டானியம் கிடைக்கும் அளவுக்கு ஹைட்ரைடு தூள், அதோடு அலுமினியமும் வனேடியமும் 60:40 விகிதத்தில் சேர்ந்த மாஸ்டர் அலாய் தூள் 10 பங்கு. கலந்து, அச்சில் அழுத்தி, வெற்றிட உலையில் மெல்ல ஏற்றினால் 400 டிகிரியைத் தாண்டியதும் ஹைட்ரஜன் கிளம்பத் தொடங்கும். அது முழுதாகப் போன பிறகு 1200 டிகிரிக்கு மேலே கொண்டுபோய்ச் சில மணி நேரம் வைத்தால் வெளியே வருவது சிக்ஸ்-ஃபோர். அடர்த்தி 98 சதவீதத்தையும் தாண்டும்.

இவ்வளவு அடர்த்தி எப்படி வருகிறது? ஹைட்ரைடு துகள் எளிதில் உடையும் என்பதால் அழுத்தும்போதே சில்லுகளாகி இண்டு இடுக்கெல்லாம் நிரப்புகிறது. ஹைட்ரஜன் வெளியேறும்போது அணு அடுக்கே கலைந்து உட்கார்வதால், உள்ளே குறைபாடுகள் நிறைந்த, நகரத் துடிக்கும் உலோகம் கிடைக்கிறது. வெளியேறும் ஹைட்ரஜன் துகள்களின் மேற்பரப்பைக் கழுவிக்கொண்டே போகிறது. சின்னத் துகள்களைத் தொடக்கத்தில் இருந்தே பயன்படுத்தலாம் என்பதும் ஒரு காரணம். அதே நுண்மையில் உலோகத் தூளை வைத்திருந்தால் ஆக்சிஜன் ஏறிவிடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு அதிகம்.

சரி, விலை என்ன? முதல் விலை, சுருக்கம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் அச்சில் ஹைட்ரைடை அழுத்தி 65 சதவீத அடர்த்தி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் போய், உலோகம் 98 சதவீத அடர்த்திக்குச் சுருங்கும்போது அந்த 50 மில்லிமீட்டர் சுமார் 40.5 ஆகிவிடும். ஹைட்ரஜன் நீக்கிய உலோகத் தூளை 80 சதவீதத்துக்கு அழுத்தியிருந்தால் 46.7இல் நின்றிருக்கும். நீளத்தில் 19 சதவீதச் சுருக்கத்துக்கு அச்சு செய்வது விளையாட்டில்லை. மெல்லிய பக்கமும் தடித்த பக்கமும் சேர்ந்த பாகம் கோணிக்கொள்ளும்.

இரண்டாவது விலை, வில்லையின் பலவீனம். உடையும் துகள்கள் கவ்வாது. அழுத்திய ஹைட்ரைடு வில்லையை அச்சிலிருந்து வெளியே தள்ளும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

மூன்றாவது, வாயு. ஒரு கிலோ ஹைட்ரைடில் 40 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. 40 கிராம்தானே என்று தோன்றும். அறை வெப்பநிலையில் அது 490 லிட்டர் வாயு. இவ்வளவையும் வெற்றிடப் பம்பு சில மணி நேரத்தில் உறிஞ்சி, வெளியே பத்திரமாகக் கொண்டுபோய் விட வேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு, 20 மில்லிமீட்டர் தடிமனான வில்லைகளைச் சின்ன மாதிரிக்குப் பழகிய வேகத்திலேயே சூடாக்கினேன். காலையில் தட்டில் இருந்தவை வெங்காயம் போல அடுக்கடுக்காகப் பிளந்திருந்தன. ஓரம் ஹைட்ரஜனை இழந்து சுருங்கிவிட்டது, நடுப்பகுதி இன்னும் வீங்கியபடியே இருந்திருக்கிறது. அடுத்த ஓட்டத்தில் 400க்கும் 700க்கும் நடுவில் நிமிடத்துக்கு இரண்டு டிகிரி என்று தவழவிட்டேன், ஒரு வில்லைகூடப் பிளக்கவில்லை.

வெற்றிடத்தில் சுட்ட எந்தச் சிக்ஸ்-ஃபோருக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. நீண்ட நேரம் உயர் சூட்டில் இருப்பதால் பீட்டா மணிகள் (உலோகத்துக்குள் இருக்கும் நுண்படிகங்கள்) பருத்து, ஆறும்போது தடித்த பட்டை பட்டையான நுண்ணமைப்பு வந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் சுமையை அது நன்றாகத் தாங்காது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸாக் ஃபாங் குழு இதற்கு ஹைட்ரஜனையே மருந்தாக்கியது. அவர்கள் ஹைட்ரைடு வில்லையை ஹைட்ரஜன் சூழலிலேயே சுடுகிறார்கள். ஆறும் வழியில், ஹைட்ரஜன் இன்னும் உள்ளே இருக்கும்போதே, குறைந்த வெப்பநிலையில் நிறுத்தி வைக்கிறார்கள். பீட்டா அங்கே மிக நுண்ணிய மணிகளாக உடைகிறது. கடைசியில் வெற்றிடம் போட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள். சுத்தியல் அடியோ உருட்டலோ இல்லாமல், அடித்துப் பதப்படுத்திய உலோகத்தின் மணியளவு கிடைக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

தூள்வழி டைட்டானியத்துக்குப் பழைய கெட்ட பெயர் ஒன்றும் உண்டு. முன்பு சோடியம் வழியில் எடுத்த ஸ்பாஞ்சின் பொடியைத்தான் மலிவாகக் கலந்து சுட்டார்கள். அதில் தங்கிய உப்பு (குளோரைடு), பாகத்துக்குள் நுண்துளைகளாக நின்று அடர்த்தியையும், திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் களைப்பு வலிமையையும் கெடுத்தது, வெல்டிங்கும் சரியாக வராது. அந்தக் குறை பொதுவாகத் தூள்வழிக்கே உரியது என்று இன்னும் பேசுபவர்கள் உண்டு. ஆனால் 1998இலேயே டொயோட்டா தன் அல்டெஸா காரின் எஞ்சின் வால்வுகளை, தூள்களைக் கலந்து சுடும் வழியில் டைட்டானியத்தில் செய்து சாலையில் ஓடவிட்டது.

உருக்கித் தெளித்த உருண்டை

உருகிய டைட்டானியம் 1668 டிகிரிக்கு மேல் இருக்கும், எந்தப் பீங்கான் மூசையையும் தின்றுவிடும். அதனால் மூசையே இல்லாமல் உருக்குகிறார்கள். கம்பியின் நுனியை மின்தூண்டலால் உருக்கிச் சொட்டவிட்டு ஆர்கான் தாரையால் சிதறடிப்பது ஒரு முறை. மெல்லிய கம்பியைப் பிளாஸ்மா டார்ச்சுகளின் நடுவில் செலுத்துவது இன்னொன்று. கனடாவின் கியூபெக்கில் இது வளர்ந்தது. கம்பியையே வேகமாகச் சுழற்றி, உருகிய நுனியிலிருந்து துளிகளை வீசச்செய்யும் முறையும் உண்டு. எப்படிச் செய்தாலும் கிடைப்பது கேழ்வரகு போல உருண்டு ஓடும் தூள்.

தூளை அடுக்கடுக்காக லேசரால் உருக்கிப் பாகம் செய்யும் 3டி பிரிண்டிங் இயந்திரத்துக்கு இது இல்லாமல் முடியாது. பொதுவாக 15 முதல் 45 மைக்ரான் அளவுள்ள தூளை மெல்லிய சமமான படுகையாகப் பரப்ப வேண்டும். கோணல் தூள் பரப்பும் தகட்டின் முன்னே கூடிக்கொண்டு வரிவரியாகக் கிழியும். லேசருக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றையால் உருக்கும் இயந்திரங்கள் 45 முதல் 105 மைக்ரான் வரை ஏற்கும், அங்கும் உருண்டைதான் வழக்கம். உருண்டையை அச்சில் அழுத்திப் பாருங்கள்: கோலிக்குண்டுகளைக் கையில் பிடித்து உருவம் செய்வது போல, எதுவும் நிற்காது.

விலை பல மடங்கு. வேண்டிய அளவுக்குச் சலித்த பிறகு மிஞ்சும் தூளுக்கு வேறு வேலை தேட வேண்டும். அதோடு, தெளிக்கும்போது சில உருண்டைகளுக்குள் ஆர்கான் குமிழ் மாட்டிக்கொள்ளும். ஆர்கான் டைட்டானியத்தில் கரையாது. 920 டிகிரியில் 100 மெகாபாஸ்கல் வாயு அழுத்தம் கொடுத்தால் குமிழ் சுருங்கும். பின்னால் பாகத்தை அதிகச் சூட்டில் பதப்படுத்தினால் மறுபடி தலைதூக்கும். ஹைட்ரஜனுக்கு அந்தக் குணம் கிடையாது. உலோகத்தின் ஊடாகவே நடந்து வெளியே போய்விடும். விலையை மறந்துவிட்டுப் பார்த்தாலும் ஹைட்ரைடு வழிக்கு இது ஒரு பெரிய சாதகம் என்பது என் எண்ணம்.

தீ

மூன்றுக்கும் பொதுவான ஆபத்து தீ. ஹைட்ரைடு தூள் அறை வெப்பநிலையில் காற்றில் நிதானமாக இருக்கும், அதே நுண்மையுள்ள உலோகத் தூளைவிடச் சேமிக்கச் சுலபம். அதற்காக அலட்சியம் கூடாது, அதன் தூசியும் பற்றும். டைட்டானியம் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். கார்பன் டை ஆக்சைடு உதவாது. நைட்ரஜனிலும் எரியும் உலோகம் இது. உலர்ந்த உப்புத்தூள் அணைப்பான் அல்லது முழுக்கக் காய்ந்த மணல் பக்கத்தில் இருக்க வேண்டும். மணலில் ஈரம் இருந்தால் அதுவும் ஆபத்து.

நம் கரையின் மணல்

ஒரு இடைச்செருகல். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவராவிலும் கடற்கரையில் கறுத்துக் கிடக்கும் இல்மனைட் மணல்தான் டைட்டானியத்தின் தாது. சவரா இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு 60 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. சவராவில் கேரள அரசின் கேஎம்எம்எல் நிறுவனம் 2011இல் ஆண்டுக்கு 500 டன் ஸ்பாஞ்ச் தயாரிக்கும் ஆலையைத் தொடங்கியது. தொழில்நுட்பம் ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்துடையது, பண உதவி விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துடையது. ஸ்பாஞ்ச் இருக்கும் இடத்தில் ஹைட்ரைடு தொடங்க வேண்டியது ஒரு உலையும் ஒரு அரைவை இயந்திரமும்தான். உருக்கித் தெளிக்கும் ஆலைக்கோ முதலில் உருக்கு, கம்பி என்று நீண்ட சங்கிலி வேண்டும். இதையும் சேர்த்துத்தான் நான் ஹைட்ரைடு பக்கம் நிற்கிறேன்.

எதற்கு எது?

வடிவம் எளிது, தடிமன் அதிகமில்லை, எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் ஹைட்ரைடை நேராக அழுத்துங்கள். வால்வு, கனெக்டிங் ராடு, நட்டு, பற்சக்கரம் இந்த ரகம். 50 மில்லிமீட்டர் தடிமனான கட்டை என்றால் ஹைட்ரஜன் நடுவிலிருந்து வெளியே வருவதற்குள் உலை நேரம் எகிறிவிடும், அங்கே ஹைட்ரஜன் நீக்கிய தூளே மேல். அளவு நுணுக்கம் மிக முக்கியம், சுட்டபின் கடைசல் பிடிக்க வழியில்லை என்றாலும் அப்படியே. பூச்சுக்கும் கோணல் உலோகத் தூள். உள்ளே குளிர்விப்புப் பாதைகள் ஓடும் சிக்கலான பாகம், ஒரு நோயாளிக்கு மட்டும் அளவெடுத்த தாடை எலும்பு இவையெல்லாம் லேசருக்கு, ஆகவே உருண்டைக்கு.

இந்த எல்லைக்கோடும் இப்போது அழிந்து வருகிறது. கியூபெக்கின் ஷெர்புரூக்கில் உள்ள டெக்னா நிறுவனம், கோணல் தூளைத் தூண்டல் பிளாஸ்மா வழியாக விழச்செய்து உருண்டையாக்கும் இயந்திரங்களைச் செய்கிறது. யூட்டா குழு இன்னொரு பாதை போட்டது. மிக நுண்ணிய ஹைட்ரைடை அரைத்து, பசை சேர்த்துத் தெளித்து உலர்த்தி உருண்டைக் குருணையாக்கி, சுட்டு, கடைசியில் ஹைட்ரஜன் சூழலில் மக்னீசியத்தைக் கொண்டு ஆக்சிஜனை இழுத்துவிடுவது. சாதாரணமாக மக்னீசியத்தால் டைட்டானியத்தின் கடைசித் துளி ஆக்சிஜனைப் பறிக்க முடியாது. ஹைட்ரஜன் உள்ளே இருக்கும்போது டைட்டானியத்தின் பிடி தளர்ந்து, மக்னீசியம் ஜெயித்துவிடுகிறது. இந்த ஆராய்ச்சியைத் தொழிலாக்கும் வேலையில் ஐபீரியன்எக்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இறங்கியிருக்கிறது.

முதல் முறை ஹைட்ரைடு தூள் வாங்குபவருக்கு ஒரு சோதனை. சான்றிதழில் ஆக்சிஜன், குளோரைடு, இரும்பு மூன்றையும் பாருங்கள். அரைவை இயந்திரம் தேய்ந்திருந்தால் இரும்பு காட்டிக்கொடுக்கும். அப்புறம் ஒரு கிராம் எடுத்து, வெற்றிடத்தில் 800 டிகிரிக்கு மெல்லக் கொண்டுபோய் ஆறவிட்டு எடை போடுங்கள். 39, 40 மில்லிகிராம் குறைந்திருக்க வேண்டும். 33 மில்லிகிராம்தான் குறைந்தது என்றால் உலையில் ஹைட்ரஜன் முழுதாக ஏறவில்லை; அரைவையில் நொறுங்காமல் தட்டையாக நசுங்கிய துகள்கள் அந்தத் தூளில் இருக்கும். சல்லடையில் கொட்டினால் பெரிய கண்ணின் மேல் மினுமினுப்பாக அவை தங்கி நிற்பதைப் பார்க்கலாம்.